மானிப்பாயில் ஓர் அமெரிக்கர். நாகர்கோயிலில் ஆயிரம் ஆங்கிலர்!

ஒரு நாட்டு மக்களின் உயர்வையும் இழிவையும் அந்நாட்டாரினும் அயல்நாட்டார் விரைந்து காண்பர். நாள்தோறும் பார்த்துப் பழகிய கண்ணுக்கு வீட்டு மூலையில் தொங்கும் ஒட்டடையும் ஓவியமாகிவிடும். புதிதாய் நுழைந்தவன் கண்ணுக்கே ஒட்டடை ஒட்டடையாகத் தெரியும். தமிழ்நிலத்துக்கு வந்து, தங்கி, தொழில் செய்து, திரும்பிச் சென்ற அயலார் பலர். வணிகஞ் செய்ய வந்தோர், ஆள வந்தோர், சமயம் பரப்ப வந்தோர் என அவர் பல திறத்தினர். அவருள் ஒருவர், ஓர் அமெரிக்க மருத்துவர், தம் அன்றாடப் பணியினூடே தெளிவாகக் கண்டு நிலைநாட்டிய ஓர் உண்மையை, இன்றைய தமிழன் கண்ணிரண்டும் திறந்திருந்தும் காண மறுக்கின்றான். அவ்வுண்மை இதுதான்: தமிழ் நோயாளியின் நோயைத் தமிழில் கேட்டு, தமிழில் ஆய்ந்து, தமிழிலேயே எடுத்துச் சொல்ல வல்லவனே தமிழர்க்கு மருத்துவன்!

இஃதென்ன பெரிய உண்மை என்று எவரேனும் வினவலாம். பெரிய உண்மைதான். இதனை ஒப்புக்கொண்டால் தமிழ்நாட்டின் மருத்துவக் கல்லூரிகள் அனைத்தும் தம் பயிற்றுமொழியை மாற்ற வேண்டியிருக்கும். அதனாலன்றோ இதனை எவரும் ஒப்புக்கொள்வதில்லை!

வந்தவர் யார்?

அவர் பெயர் சாமுவேல் பிசுக்கு கிறீன். அமெரிக்க நாட்டு மாசாசூசெட்சு மாநிலத்தில் வூசுட்டர் நகரில் 1822ஆம் ஆண்டு பிறந்தவர். நியூயார்க்கில் மருத்துவம் பயின்று தேறியவர். நியூயார்க்கு மாநகரை உருவாக்கிய பெரியோருள் ஒருவராக அந்நாட்டார் போற்றும் ஆண்ட்ரூ கிறீன் இவருடைய தமையனார். எனவே பிழைக்க வழியின்றிக் கடல் கடந்தவர் அல்லர் இவர். பிறந்த நாட்டிலேயே பெரும்பொருள் ஈட்டி வளமாக வாழ்ந்திருக்கக் கூடியவர்.

அவர் 1847ஆம் ஆண்டு அமெரிக்க ஊழியக் குழுவின் சார்பில் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தார். அடுத்த ஆண்டே மானிப்பாயில் அமர்ந்து மருத்துவம் பார்க்கவும் மருத்துவம் கற்பிக்கவும் தொடங்கினார். இலங்கைத் தீவில் மேலை மருத்துவத்தை முறையாகக் கற்பித்த முதற்பள்ளி அதுவே. கொழும்பில் ஆங்கில அரசு மருத்துவக் கல்லூரி கண்டது 1870ஆம் ஆண்டில்தான். இடையில் 1857இல் தாயகம் சென்று 1862இல் மீண்டு, 1873வரை அவர் மானிப்பாயில் பணியாற்றினார். இரு தவணையாக ஏறத்தாழ இருபத்தோர் ஆண்டுகள் தமிழரிடையே அவர் வாழ்ந்தார். தம் வீட்டாருக்கும் நண்பருக்கும் அவர் எழுதிய மடல்கள் அவர் மறைவுக்குப் பின் 1891இல் தொகுக்கப்பெற்று நூலாயின.

அவர் சமயம் பரப்பும் குழுவினர் அனுப்பி வந்தவர் என்பதை மறைக்க வேண்டுவதில்லை. அவர் உள்ளத்தின் முதல் நோக்கம் தம் சமயமே. தமிழ்ப் பிள்ளைகளைத் தம் பள்ளிகளிற் சேர்த்து, பொருளுதவிய அமெரிக்கரின் பெயர்களை அப்பிள்ளைகட்குச் சூட்டிய வழக்கமும் அக்குழுவினரிடம் இருந்தது. தமிழ் மருத்துவர்கள் 'டான்போர்த்து' என்றும் 'சாப்மன்' என்றும் வழங்கப்பட்டது அவ்வழக்கத்தின் விளைவே. அது தவறு, தவறு என்றே சொல்ல வேண்டும். ஆயினும் ஒருவன் செய்த தவற்றைக் காட்டி அவன் செய்த நன்மையையும் புதைப்பது அறிவுடையோர் செயலன்று. அதிலும், தம் பிள்ளைகளுக்குத் தாமே வலிந்து அயற்பெயர் சூட்டி மகிழும் இன்றைய தமிழர்க்கு அக்குழுவினரைப் பழிக்கும் தகுதி சிறிதும் இல்லை!

அன்றாடம் கண்டதும் அதனால் தேறியதும்

மானிப்பாயில் அம் மருத்துவர் முன் வந்து நின்ற உழவனும் வலைஞனும் பனையேறியும் தம் வலியைத் தமிழிற் சொன்னார்கள். பிள்ளை பெற்ற தாய் தன் துன்பத்தைத் தமிழிற் புலம்பினாள். கக்கல் கழிச்சல் நோய் ஊரை வாட்டிய நாள்களில், 'தண்ணீரைக் காய்ச்சிக் குடியுங்கள்' என்னும் ஒரு சொல்லைத் தமிழிற் சொல்ல வல்லவனே உயிரைக் காத்தான். ஆங்கிலத்தில் ஆயிரம் பக்கம் கற்றவனும் அவ்வொரு சொல்லைத் தமிழிற் சொல்லத் தெரியாவிடின் அவனால் ஆவதொன்றில்லை. நாள்தோறும் நோயாளியின் அருகில் நின்ற கிறீன் இதனைக் கண்டார்.

தொடக்கத்தில் அவரும் தம் மாணாக்கருக்கு ஆங்கிலத்தில்தான் கற்பித்தார். விளைவு என்ன? ஆங்கிலத்தில் மருத்துவம் கற்ற இளைஞர் பலர் அரசு அலுவலையும் நகர வாழ்வையும் நாடிப் போயினர். ஊரிலே நோய் இருந்தது. ஊர்ப்பள்ளியிற் கற்ற மருத்துவன் ஊரில் இல்லை! மொழி மாறியவன் ஊரையும் மாறிவிட்டான். ஆங்கிலம் அவனுக்கு அறிவைத் தந்ததோ இல்லையோ, ஊரைவிட்டு ஓடுதற்கு ஒரு சீட்டைத் தந்தது.

இதனைக் கண்ட கிறீன் வாளாவிருந்தாரல்லர். மீண்டு வந்தபின், 1864 முதல் மருத்துவக் கல்வியைத் தமிழிலேயே நடத்தத் துணிந்தார். தமிழில் கற்றவன் தமிழரிடையே தங்குவான். தமிழர் சொல்வது அவனுக்குப் புரியும். அவன் சொல்வது தமிழர்க்குப் புரியும். இதுவே அவர் கணக்கு. அவரிடம் மருத்துவம் கற்றுத் தேறியோர் அறுபதுக்கும் மேற்பட்டோர்.

உடையைப் பற்றியும் அவர்க்கு ஒரு கருத்து இருந்தது. தம் மாணாக்கர் மேலையுடைக்கு மாறித் தம் மக்களினின்றும் வேறாகித் தோன்றுவதை அவர் விரும்பவில்லை. தமிழ் மருத்துவன் தமிழனாகவே தோன்றித் தமிழனாகவே வாழ வேண்டும் என்பது அவர் கொள்கை. நோக்குக! அமெரிக்கன் ஒருவன் தமிழனைப் பார்த்து, 'உன் வேட்டியைக் களையாதே' என்கின்றான். தமிழனோ வேட்டியைக் களைந்துவிட்டு, கொளுத்தும் வெயிலில் கழுத்திலே துணிச்சுருக்கை மாட்டிக்கொண்டு வியர்த்து நிற்கின்றான்! இவ்விருவருள் தமிழை மதித்தவன் யார்? தமிழனாய்ப் பிறந்தவனா, அமெரிக்கனாய்ப் பிறந்தவனா?

நாலாயிரம் பக்கம்

தமிழிற் கற்பிப்பதென்றால் தமிழில் நூல் வேண்டுமே! 'நூல் இல்லை, ஆகையால் தமிழிற் கற்பிக்க இயலாது' என்று கைவிரிப்பது இன்றைய பேராசிரியர் வழக்கு. 'நூல் இல்லை, ஆகையால் நூல் ஆக்குவோம்' என்றது அவ் அமெரிக்கரின் வழக்கு. தம் தமிழ் மாணாக்கர் துணையுடன் அவர் பெயர்த்தும் பார்வையிட்டும் வெளிக்கொணர்ந்த மருத்துவப் பக்கங்கள் நாலாயிரத்துக்கு மேற்பட்டவை. உடற்கூறும் உடல்நலமும் பற்றிய முதல் நூல் 1852இல் வெளிவந்தது. மகப்பேற்று மருத்துவம் 1857இலும், அறுவை மருத்துவம் 1867இலும் தமிழில் வந்தன. ஆங்கில மருத்துவர் என்றி கிரே எழுதிய பேர்பெற்ற உடற்கூற்று நூல் இலண்டனில் முதன்முதல் வெளியானது 1858இல். அது மானிப்பாய்த் தமிழில் வெளிவந்தது 1872இல். பதினான்கே ஆண்டுகள்!

இனி, நாஞ்சில் நாட்டார் தலைநிமிர்ந்து கேட்கத்தக்கதும், கேட்டபின் தலைகுனியத்தக்கதுமான ஒரு செய்தி. கிறீன் வெளிக்கொணர்ந்த வேதியியல் நூல் 1875இல் வெளிவந்தது. அந்நூல் அச்சேறிய இடம் யாழ்ப்பாணமன்று, சென்னையுமன்று. நாகர்கோயிலில் இருந்த இலண்டன் மிசன் அச்சுக்கூடத்தில்தான் அது அச்சாயிற்று! அன்று நாகர்கோயில் திருவிதாங்கூர் மன்னரின் ஆட்சிக்குட்பட்ட ஊர். மின்விளக்கு இல்லை, தொடர்வண்டி இல்லை. கன்னிப்பூவும் கும்பப்பூவும் விளைந்த வயல்களுக்கு நடுவே, ஈய எழுத்துகளை ஒவ்வொன்றாகக் கோத்து, நாஞ்சில் நாட்டுத் தொழிலாளர் கைகள் ஒரு வேதியியல் நூலைத் தமிழில் அச்சிட்டன. ஏறத்தாழ நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்!

அந்த நாகர்கோயிலில் இன்று வேதியியலைக் கல்லூரியில் தமிழிற் கற்கின்றேன் என்று ஒரு மாணாக்கன் சொன்னால், அவனை ஏழையென்றும் மதிப்பெண் குறைந்தவனென்றும் எண்ணி இரங்குவோரே மிகுதி. அச்சுக்கூடத்துத் தொழிலாளிக்கு இருந்த துணிவு இன்று பட்டம் பெற்ற பெற்றோர்க்கு இல்லை!

ஆங்கிலர் யார்?

நாகர்கோயிலில் ஆயிரம் ஆங்கிலர் என்றால், கப்பலேறி வந்தவர் என்று எவரும் கருதற்க. இவர் வடசேரியிற் பிறந்தவர், கோட்டாற்றில் வளர்ந்தவர், தோவாளையிற் பெண்ணெடுத்தவர். நிறத்தால், குருதியால், ஊரால் தமிழர். நாவால் மட்டும் ஆங்கிலர். கடைப்பலகைகளைப் பார்த்தாலே போதும். தமிழ் எழுத்தில் எழுதப்பட்டவையும் தமிழல்ல. 'மெடிக்கல்சு', 'டெக்சுடைல்சு', 'சுவீட்சு', 'சூப்பர் மார்க்கெட்டு'! மருந்துக்கடை, துணிக்கடை, இனிப்பகம், பல்பொருளங்காடி என்னும் சொற்களுக்கு என்ன நோய் வந்தது? பெயர்ப்பலகையில் தமிழே முதன்மை பெற வேண்டும் என்று அரசு விதி உள்ளது. அவ்விதி ஏட்டில் உறங்க, பலகையில் ஆங்கிலம் விழித்திருக்கின்றது. மணவழைப்பைப் பாருங்கள். மணமகன் தமிழன், மணமகள் தமிழச்சி, அழைக்கப்படும் மாமனும் சித்தியும் பெரியம்மையும் தமிழர். அழைப்பு மட்டும் ஆங்கிலத்தில்! ஆச்சிக்குப் படிக்கத் தெரியாத மொழியில் ஆச்சியின் பெயர்த்தி திருமணத்துக்கு அழைப்பு அச்சிடுவோரை என்னவென்பது?

இவையெல்லாம் மானக்கேடு. ஆயின் உயிர்க்கேடு வேறொன்றுண்டு; அது மருத்துவமனையில் நிகழ்கின்றது.

தோவாளையிற் பூக்கட்டிப் பிழைக்கும் ஒரு பெண். குளச்சலில் வலை இழுக்கும் ஒரு மீனவன். குலசேகரத்தில் விடியற்காலையில் இரப்பர் மரத்திற் பால்வெட்டும் ஒரு தொழிலாளி. இவர்களுக்கு நோய் வருகின்றது. 'மண்டையிடி' என்று சொல்கின்றனர்; 'மூச்சு முட்டுகின்றது' என்று சொல்கின்றனர். சொன்னது தமிழ். அதன்பின் அவர்கள் கைக்கு வருவதெல்லாம் ஆங்கிலம். குருதி ஆய்வுத் தாள் ஆங்கிலம். மருந்துச் சீட்டு ஆங்கிலம். எத்தனை வேளை, உணவுக்கு முன்னா பின்னா என்பதும் ஆங்கிலக் குறியெழுத்து. மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைத்த விளக்கத் தாளும் ஆங்கிலம். அறுவைக்கு முன் கைநாட்டோ கையெழுத்தோ இட வேண்டிய ஒப்புதல் தாளும் பல இடங்களில் ஆங்கிலம். தன் வயிற்றைக் கிழிக்கத் தான் தரும் ஒப்புதலைத் தானே படிக்க இயலாத மாந்தன் உலகில் வேறெங்கேனும் உளனோ? தன் நோயின் பெயரையே அறியாமல் நோயுற்று, தான் உண்ணும் மருந்தின் தன்மையை அறியாமல் உண்டு, தான் ஏன் சாகின்றான் என்பதையும் அறியாமற் சாகும் இழிநிலை தமிழனுக்கு அவன் சொந்த நாட்டில் விதிக்கப்பட்டிருக்கின்றது.

கிறீன் மட்டுமல்லர். நெய்யூர் மருத்துவமனையில் பணியாற்றிய சாமர்வெல் என்னும் ஆங்கில அறுவை மருத்துவர் 1922இலும் 1924இலும் எவரெசுட்டு மலையேறிய குழுக்களில் இருந்தவர். நாகர்கோயில் காதரின் பூத்து மருத்துவமனையில் வில்லியம் நோபில் என்னும் அமெரிக்கர் நெடுங்காலம் தொண்டாற்றினார். வந்த அயலார் ஊர்மொழியைக் கற்று நோயாளியின் அருகே சென்றனர். ஊரிற் பிறந்தவரோ அயன்மொழியைக் கற்று நோயாளியினின்றும் விலகிச் செல்கின்றனர்!

குருதி சிந்திய மண்

இம்மண் எத்தகைய மண் என்பதை இளைஞர் மறந்திருக்கலாம். திருவிதாங்கூர் ஆட்சியில் தமிழர் தம் மொழிக்கு உரிய இடம் கிட்டாது பின்தள்ளப்பட்டனர். தமிழ் வழங்கும் பகுதிகள் தமிழ்நாட்டோடு சேர வேண்டும் என்று நேசமணி தலைமையில் மக்கள் கிளர்ந்தெழுந்தனர். 1954 ஆகத்து 11ஆம் நாள் புதுக்கடையிலும் மார்த்தாண்டத்திலும் துப்பாக்கிக் குண்டுகளுக்குத் தமிழர் பலியாயினர். அவ்வீகத்தின் பயனாகவே 1956 நவம்பர் முதல்நாள் அகத்தீசுவரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்களும் தாய்த்தமிழ்நாட்டோடு இணைந்து குமரி மாவட்டமாயின. கவிமணி பிறந்த தேரூரும், சீவானந்தம் பிறந்த பூதப்பாண்டியும் இம்மாவட்டத்தில்தான் உள்ளன.

அண்டை மொழியின் மேலாட்சியை ஏற்க மறுத்து உயிரீந்த மக்களின் பெயரர், ஏழு கடலுக்கு அப்பாலிருந்து வந்த மொழியின் மேலாட்சியைக் காசு கொடுத்து வாங்குகின்றனர்! அன்று தமிழைத் தள்ளியவர் பிறர். அதனால் போராட முடிந்தது. இன்று தமிழைத் தள்ளுபவர் தமிழரே. யாரை எதிர்த்துப் போராடுவது? அரசும் இதற்குத் துணை போயிற்று. 2012-13 கல்வியாண்டு முதல் அரசுப் பள்ளிகளிலேயே ஆங்கிலவழிப் பிரிவுகள் பெருக்கப்பட்டன. ஏழையின் பிள்ளைக்கு எஞ்சியிருந்த தமிழ்வழியும் அடைபடத் தொடங்கியது.

எதிர்ப்போர் கூற்றும் மறுப்பும்

'தமிழில் மருத்துவம் கற்பிக்கச் சொற்கள் இல்லை' என்பர் சிலர். 1872இல் இருந்த சொற்கள் இன்று எங்கே போயின? அவர் கூற்றை இன்னும் நன்றாக மறுப்பது குமரி மாவட்டத்து வரும ஆசான்களின் ஓலைச்சுவடிகள். படுவருமம் பன்னிரண்டு, தொடுவருமம் தொண்ணூற்றாறு என நூற்றெட்டு உயிர்நிலைகளை உடலிற் கண்டு, ஒவ்வொன்றுக்கும் தனிப்பெயரிட்டு, அடிபட்டால் விளைவதென்ன, இளக்கும் முறை யாதென எழுதிவைத்தவர் அவர். செவிக்குற்றிக்காலம், உறக்கக்காலம், தும்மிக்காலம், அடப்பக்காலம் என்னும் பெயர்கள் எந்தப் பல்கலைக்கழகமும் தந்தவை அல்ல. கல்குளத்திலும் விளவங்கோட்டிலும் எளிய குடிகளில் வழிவழி வந்தவை. எழுத்தறிவு குன்றிய காலத்து ஆசானுக்குச் சொல் கிடைத்தது. பல்லாண்டு படித்த மருத்துவனுக்குச் சொல் கிடைக்கவில்லையாம்!

சப்பானியர் கதையை இவர் அறிக. ஆலந்து மொழியிலிருந்த உடற்கூற்று நூலொன்றைச் சுகித்தா கென்பாக்கு முதலியோர் 1774இல் தம் மொழியில் ஆக்கினர். நரம்பு என்பதற்கு அவர் மொழியிற் சொல்லில்லை. புதிதாய் ஒரு சொல்லைப் படைத்துக்கொண்டனர். தமிழிலோ நரம்பு, தசை, நாளம், குடல், ஈரல், நுரையீரல், எலும்பு, மூளை என உடலின் உறுப்புக்கெல்லாம் வாயைத் திறந்தாலே சொல் வருகின்றது. சொல்லில்லாதவன் படைத்துக்கொண்டு முன்னேறினான். சொல்லுள்ளவன் சொல்லில்லை என்று சொல்லிப் பின்தங்கினான்.

'தமிழிற் கற்றால் வேலை கிடைக்காது' என்பர் வேறு சிலர். தமிழ்வழிக் கற்றோர்க்கு அரசுப் பணியில் நூற்றுக்கு இருபது இடம் ஒதுக்கும் சட்டம் 2010இல் இயற்றப்பட்டது. அதே ஆண்டு அண்ணா பல்கலைக்கழகம் குடிசார்ப் பொறியியலையும் எந்திரப் பொறியியலையும் தமிழிற் கற்பிக்கத் தொடங்கிற்று. பொறியியலுக்குத் தகுந்த தமிழ் மருத்துவத்துக்குத் தகாதோ? மேலும், மருத்துவன் வேலை செய்ய வேண்டிய இடம் எது? மக்கள் வரிப்பணத்தில் கற்றவன் அம்மக்களுக்கு மருத்துவம் பார்ப்பதே வேலை. அயல்நாடு ஓடுதற்கான ஆயத்தத்தைக் கல்வி என்று அழைப்பதை கிறீனே அன்று ஏற்கவில்லை. ஓடுவதைத் தடுக்கவன்றோ அவர் பயிற்றுமொழியை மாற்றினார்!

'ஆங்கிலமின்றி உலக அறிவு வாராது' என்பர் இன்னும் சிலர். ஆங்கிலத்தை ஒரு மொழியாகக் கற்பதை யாரும் தடுக்கவில்லை. செருமானியரும் உருசியரும் சப்பானியரும் கொரியரும் தத்தம் மொழியில் மருத்துவங் கற்று, உலக அறிவையும் தம் மொழிக்குக் கொணர்கின்றனர். ஐதராபாத்தில் 1918இல் தோன்றிய உசுமானியப் பல்கலைக்கழகம் மருத்துவத்தை உருதுவிற் கற்பித்தது. மத்தியப் பிரதேசம் 2022இல் இந்தியில் மருத்துவப் பாடநூல்களை வெளியிட்டு வகுப்பும் தொடங்கிற்று. செம்மொழி என்று மேடைதோறும் முழங்கும் தமிழ்நாட்டில் மருத்துவப் பட்டப்படிப்பின் பயிற்றுமொழி இன்றுவரை ஆங்கிலமே. குமரி மாவட்டத்து ஆசாரிப்பள்ளத்தில் அரசு மருத்துவக் கல்லூரி அமைந்து இருபதாண்டுகள் கடந்தன. அங்கும் அதே நிலைதான்.

தமிழ்நாட்டுப் பாடநூல் கழகம் கிரேயின் மாணாக்கர்க்கான உடற்கூற்று நூலைத் தமிழாக்கி 2023இல் வெளியிட்டது. நற்செயல், பாராட்டுக்குரியது. ஆயினும் கணக்கிட்டுப் பாருங்கள். முதல் தமிழ்க் கிரே வெளிவந்தது 1872இல். நூற்றைம்பதாண்டு உறக்கம்! நூல் வந்துவிட்டது, வகுப்பு எப்போது வரும்? கற்பிக்கப்படாத நூல் சமைக்கப்படாத அரிசி. அதனைக் காட்டிப் பசியாற்ற இயலாது.

குறை யாருடையது?

கிறீனின் நூல்களில் ஒரு பெருங்குறை உண்டு. அதனைச் சொல்லாது விடுவது நேர்மையன்று. 'அங்காதிபாதம்', 'சுகரணவாதம்', 'பிரசவ வைத்தியம்', 'இரண வைத்தியம்', 'கெமிசுதம்' என்று அந்நூல்களின் பெயர்களிலேயே வடமொழியும் ஆங்கிலமும் மண்டிக் கிடக்கின்றன. தமிழை வேண்டி வந்தவர் கையிற் கலவையைக் கொடுத்தவர் யார்? அக்காலத்துத் தமிழ்ப் புலவரும் கற்றோரும்தாம். வடசொல் கலந்தாலன்றி நடை உயராது என்னும் அடிமையெண்ணம் அவரைப் பற்றியிருந்தது. அயலான் தன் அருகிலிருந்த தமிழரை நம்பினான். அருகிலிருந்த தமிழர் தம் மொழியை நம்பவில்லை. விளைவு, தமிழுக்காகச் செய்த நூல் தமிழர்க்கே கடுமையாயிற்று. அந்நூல்கள் வழக்கிறந்தமைக்கு அதுவும் ஒரு கரணியம்.

இன்று அக்குறை களைய அரிதன்று. அங்காதிபாதம் உடற்கூற்றியல் ஆயிற்று. சுகரணவாதம் உடலியங்கியல் ஆயிற்று. பிரசவம் மகப்பேறு ஆயிற்று. இரண வைத்தியம் அறுவை மருத்துவம் ஆயிற்று. கெமிசுதம் வேதியியல் ஆயிற்று. ஒவ்வொரு சொல்லும் பள்ளிப் பிள்ளைக்கும் விளங்குகின்றது. தனித்தமிழ் என்பது புலவர் பொழுதுபோக்கன்று. அது நோயாளியின் உரிமை. 'சுகரணவாதம்' நோயாளிக்கு விளங்காது, 'பிசியாலசி'யும் விளங்காது. 'உடலியங்கியல்' விளங்கும். விளங்குவதுதான் மருந்தின் முதற்பாதி.

செய்ய வேண்டுவன

கிறீன் 1884இல் தம் ஊரில் மறைந்தார். தமிழர்க்கு மருத்துவத் தொண்டு செய்தவர் என்னும் பொருள்படத் தம் கல்லறைக் கல்லிற் பொறிக்க வேண்டினார், அவ்வாறே பொறிக்கப்பட்டது. அமெரிக்க மண்ணில் ஓர் அமெரிக்கன் கல்லறையில் தமிழரின் பெயர்! அவரைத் தமிழர் மறந்தனர். ஈழத்துப் பாவலர் அம்பி 1967இல் 'கிறீனின் அடிச்சுவடு' என்னும் நூலால் நினைவூட்டினார். அவர் நினைவூட்டியும் எத்தனை பேர் நினைத்தனர்?

சிலைவைத்து மாலையிடுவதாற் பயனில்லை. செய்ய வேண்டுவன சில. தமிழ்நாட்டில் எந்த மருத்துவமனையும், அரசினதாயினும் தனியாரதாயினும், ஆய்வுத்தாளையும் மருந்துச் சீட்டையும் ஒப்புதல் தாளையும் தமிழில் தருதல் வேண்டும். தராதது குற்றம் எனச் சட்டம் வேண்டும். மருத்துவக் கல்லூரிதோறும் தமிழ்வழிப் பிரிவொன்று தொடங்குதல் வேண்டும். தமிழ்நாட்டில் தொழில் செய்ய விரும்பும் மருத்துவர் எவராயினும் தமிழில் நோயாளியோடு உரையாடும் தேர்வில் தேறுதல் வேண்டும். கிறீனின் நூல்களை மீள அச்சிட்டு, அயற்சொற்களை நீக்கி, தனித்தமிழ்ச் சொல் பெய்த பதிப்புகளைக் கொணர்தல் வேண்டும். அவற்றுள் வேதியியல் நூலையேனும் அது முதலில் அச்சேறிய நாகர்கோயிலிலேயே அச்சிடுதல் வேண்டும்.

அரசு செய்யும்வரை காத்திருக்க வேண்டாத செயல்களும் உள. மருந்துச் சீட்டை நீட்டும் மருத்துவரிடம், 'தமிழில் எழுதித் தாருங்கள்' என்று கேட்க எந்தச் சட்டமும் வேண்டா. வாய் ஒன்று போதும். ஒருவன் கேட்டால் நகைப்பர். பதின்மர் கேட்டால் முகஞ்சுளிப்பர். ஊரே கேட்டால் எழுதித் தருவர். புரியாத தாளிற் கையெழுத்திட மறுக்கும் உரிமை ஒவ்வொருவர்க்கும் உண்டு.

தமிழ்மக்களே! தன் மொழியைத் தானே மதியாதவனைப் பிறன் மதியான் என்பர். தமிழரிடத்து அதுவும் பொய்த்தது. பிறன் மதித்தான், தமிழன் மதித்திலன்! கடல்கடந்து வந்தவனுக்குத் தமிழ் மருத்துவமொழியாகத் தெரிந்தது. கருவிலேயே தமிழ் கேட்டவனுக்கு அது சமையலறை மொழியாகத் தெரிகின்றது. இவ்விழிவைத் துடைக்காதவரை, தமிழன் உடலுக்கு வரும் நோய்கள் அனைத்தும் அவன் உள்ளத்துக்கு வந்துவிட்ட ஒரு நோயின் கிளைகளே. அந்நோய்க்கு மருந்து எந்தக் கடையிலும் கிடைக்காது. அது தமிழன் நாவிலேயே இருக்கின்றது. நாவை அசைத்தாற் போதும்.